சட்டைக்கைப் பை

செப்டம்பர் 12

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இன்றைக்கு மாலை போட்டாயிற்று. கூடவே எனக்கும். இனி தசரா முடிகிற வரைக்கும் வீட்டில் மீன் கிடையாது. எங்க வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடையிலிருந்து வரும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ரசத்தைப் பார்த்துவிட்டு, "மாலை அவங்களுக்கு, பத்தியம் எனக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டது போன வருஷம். தருணுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. அஞ்சு வயசுப் பிள்ளை, கையில் ஊசி குத்த இடமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இவனைக் காப்பாற்றிக் கொடு தாயே, அடுத்த தசராவுக்கு வேஷம் போட்டு வீடு வீடாய்க் காணிக்கை எடுத்து உன் உண்டியலில் போடுகிறேன் என்றேன். மறுநாள் ஏற ஆரம்பித்தது. அவ்வளவுதான் விஷயம்.

வேஷத்துணியை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றார்கள் அத்தை, இவருடைய அம்மா. ராஜா, குரங்கு, போலீஸ், எல்லாம் கடையில் தொங்குகிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரான் வேர்வையை என் பிள்ளைக்கு எதற்குப் போடவேண்டும்? தையல் மெஷின் சும்மாத்தானே கிடக்கிறது. தருணுக்குப் போலீஸ், சுஜிதாவுக்கு ராணி. நானே தைக்கிறேன்.

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது. எட்டு மாசமாய் வெறும் தாளாய்க் கிடந்தது. விரதத்தில் வாயைக் கட்டினால் கை சும்மா இருக்காது போல.

செப்டம்பர் 15

காக்கித் துணி எடுத்தேன். தருணுக்குத் தோள் அளவு எடுக்கும்போது டேப்புக்குள் எலும்புதான் இருந்தது. சுஜிதாவுக்கு ஒன்பது வயசு, ஆனால் கல்யாணப் பெண் மாதிரி ஆயிரம் நிபந்தனை. கிரீடத்தில் பச்சைக் கல் வேண்டுமாம், சிவப்பு கூடாதாம்.

அங்கன்வாடியில் முட்டை நாள். மாலை போட்டிருப்பதால் நான் தொடவில்லை, ஆயாதான் உரித்துக் கொடுத்தாள். என் சென்டரில் முட்டை மிச்சமாகாது. எந்தப் பிள்ளை வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறீங்க என்று ஆயா கேட்டாள். பதினாலு வருஷ சர்வீஸ் என்றேன்.

செப்டம்பர் 18

தொப்பியில் நட்சத்திரம் தைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 20

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அத்தை ஒரு கதை சொன்னார்கள். அடுத்த தெருவில் ஒருத்தர் காளி வேஷம் நேர்ந்துவிட்டு, விரதம் கஷ்டம் என்று குறவன் வேஷம் போட்டாராம். திரும்பி வரும்போதே பைக் சரிந்து கால் போயிற்றாம். எதை நேர்ந்தோமோ அதைத்தான் போடணும், அம்மனை ஏமாத்த முடியாது என்றார்கள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீ என்ன வேஷம்னு நேர்ந்த புஷ்பம்?" என்று கேட்டார்கள்.

போலீஸும் ராணியும்தான் அத்தை என்றேன். கத்தரிக்காயெல்லாம் சொத்தை. பாதியைக் குப்பையில் போட்டோம்.

செப்டம்பர் 22

தருணுக்குக் காய்ச்சல். நூறு டிகிரிதான். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, சாதாரணச் சளிம்மா, ஏன் இப்படி அழுறீங்க என்று அதட்டினார்.

ஆட்டோவில் வரும்போது அவனை மடியில் வைத்துக்கொண்டு அம்மனிடம் ஒத்துக்கொண்டேன். நான் நேர்ந்தது போலீஸ் இல்லை. பிச்சைக்கார வேஷம். வாய் தவறி வந்ததும் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொல்லியும்விட்டேன். இவர் சிரித்தார். நேர்ந்ததுதான் நேர்ந்தாய், அதுக்கும் மேலே ஒரு உத்தியோகம் கிடைக்கவில்லையா என்றார். நிறையப் பேர் போடுற வேஷம்தானே, அகந்தை அழியும், நல்லதுதான் என்றார்கள் அத்தை. சுஜிதா மட்டும் கிரீடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பச்சைக் கல்லெல்லாம் ஒட்டி முடித்திருந்தேன்.

செப்டம்பர் 26

வாடகைக் கடையில் பிச்சைக்கார உடுப்பு பார்த்தேன். சிரிப்பு வந்தது. புதுத் துணியில் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சதுரம் சதுரமாய் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒட்டுப்போட ஊசி நூல் இருக்கிறவன் ஏன் பிச்சைக்கு வரப்போகிறான்?

பழைய துணியை எடுத்து நானே செய்தேன். டீத்தண்ணியில் ஊறவைத்து, காயாமலே சுருட்டி வைத்தால் அந்த நிறம் வரும். அந்த நாற்றமும் வரும், அதை மட்டும் வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். துணி முதலில் கிழிவது முழங்காலில் இல்லை. உட்காருகிற இடத்தில். அப்புறம் பை தொங்குகிற தோளில். பெண் பிள்ளைக்குப் பாவாடை முன்பக்கம் நைந்து போகும், கண்டதையும் அதில் வாங்கி முடிந்துகொள்வதால். இதையெல்லாம் கல்லில் தேய்த்துத் தேய்த்து வரவைத்தேன்.

பைக்கு இவருடைய பழைய சட்டையின் ஒரு கையை வெட்டினேன். கைமடிப்புப் பக்கத்தை இழுத்து ஒரு முடிச்சு. தோள் பக்கம்தான் வாய். அதில் ஒரு கயிறு. அரிசி விழுந்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஓடினாலும் சிந்தாது.

இவர் தருணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எப்படிம்மா இவ்வளவு அச்சு அசலா?" என்றார். சினிமாவில் பார்த்தது என்றேன்.

செப்டம்பர் 29

காலாண்டு லீவு. பிள்ளைகள் நாள் பூராவும் வீட்டில். வீடு சந்தைக்கடை.

சாயங்காலம் தருண் வேஷத்தைப் போட்டுக்கொண்டு நடு வீட்டில் நின்று, "அம்மா, எப்படிக் கேக்கணும்?" என்றான். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குனிந்த வாக்கிலேயே கேட்டுக் காட்டிவிட்டேன். "அம்மா தாயே... ஒரு வாய் சோறு போடுங்க தாயே... தம்பிக்குப் பசிக்கு தாயே..."

அது என் தொண்டைதானா என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு மெலிசாய், எட்டு வயசுக் குரலில் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அத்தை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுஜிதா மட்டும், சூப்பர்மா, இன்னொரு தடவை என்றாள்.

சோப்புக் கையோடு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அக்டோபர் 1

எங்கள் தெருத் தசரா குழுவின் வேன் இந்த வருஷம் எந்தெந்த ஊருக்குப் போகும் என்று சீட்டுக் கொடுத்தார்கள். பத்தாம் தேதி ஆலங்கிணறு.

ஆலங்கிணற்றில் என் தம்பி சுடலைமணி இருக்கிறான். பஞ்சர் கடை. ஆறு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. சுஜிதாவின் காதுகுத்தில் தாய்மாமனாய் வந்தவன், குடித்துவிட்டுக் கண்டதையும் உளறினான். பெரிய சண்டையாகிவிட்டது. அம்மா அப்பா என் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் சேர்த்துவைக்கவும் ஆளில்லை. தருண் அவனைப் பார்த்ததே இல்லை.

வேன் போனால் போகட்டும். ஊரில் எத்தனையோ வீடு.

அக்டோபர் 3

குலசையில் கொடியேற்றம். கூட்டத்தில் மூச்சு முட்டியது. மூன்று பேரும் காப்புக் கட்டிக்கொண்டோம். தருண் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றையே வீடு வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எழுதித்தான் தீரவேண்டும் போலிருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள்?

எனக்கு எட்டு வயசு, சுடலைக்கு ஆறு. அப்பா இறந்துபோன வருஷம். அம்மா சந்தையில் மஞ்சள் நூல் வாங்கி எங்கள் இரண்டு பேர் கையிலும் கட்டிவிட்டாள். கோயிலுக்குப் போகவில்லை, கொடியேற்றம் பார்க்கவில்லை. கட்டிவிட்டு, யாரும் கேட்டா அம்மனுக்கு நேர்ச்சைன்னு சொல்லணும் என்றாள். அப்பாவின் சட்டையிலிருந்து இரண்டு கையையும் வெட்டி ஆளுக்கொரு பை செய்தாள். வேறு உடுப்பு தேவைப்படவில்லை, போட்டிருந்ததே போதும்.

தசரா நாளில் வேஷக்காரப் பிள்ளையை யாரும் விரட்டுவதில்லை. சாமிக்குப் போடுகிறோம் என்று கை நிறையப் போட்டார்கள். ஒன்பது நாளும் மூன்று வேளையும் சாப்பிட்டோம். பத்தாம் நாள் எல்லோரும் உண்டியலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்களிடம் போட ஒன்றுமில்லை, எல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது. மறுநாள் மற்ற பிள்ளைகள் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எங்களுக்குக் கலைக்க வேஷம் இல்லை. அதே துணியில், அதே பையோடு, கையில் கயிறு மட்டும் இல்லாமல், அடுத்த ஊருக்குப் போனோம். இரண்டு வருஷம். அப்புறம்தான் ஒரு கான்வென்ட் சிஸ்டர் எங்களை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள்.

அம்மன் காணிக்கையைத் தின்றவள் நான். அதனால்தான் வராந்தாவில் அந்த வேஷம் வாயில் வந்தது.

அக்டோபர் 6

முதல்நாள் எங்கள் ஏரியாவிலேயே எடுத்தோம். மேளச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. தருண் ஒவ்வொரு வாசலிலும் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டான். எல்லோரும் சிரித்துச் சிரித்துப் போட்டார்கள். ஒரு அம்மா போட்டோ எடுத்தாள்.

சுஜிதா ஒரு வீட்டு முன்னால் நின்றுவிட்டாள். கூடப் படிக்கிற பெண் வீடாம். "இந்த டிரஸ்ல நான் போகமாட்டேன், கேவலமா இருக்கு" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, நடுத்தெருவில் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். பிச்சைக்காரின்னா கேவலமாட்டி என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

காப்புக் கட்டின பிள்ளையை அடிக்கலாமா என்று அத்தை ஏசினார்கள். அவளை அடித்ததற்குப் பதில் நான் என்னைத்தான் அடித்திருக்க வேண்டும். கேவலம் என்று ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னவள் நான்தானே.

அக்டோபர் 8

சுடலை குடிப்பதில்லை. அன்றைக்கும் குடிக்கவில்லை. அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அக்டோபர் 9

நேற்று அந்த மூன்று வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

காதுகுத்து முடிந்து பந்தி. அவன் சீர்வரிசையெல்லாம் குறைவில்லாமல் செய்திருந்தான், சுஜிதாவை மடியிலிருந்து இறக்கவே மனசில்லை அவனுக்கு. இவருடைய சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இலையில் வடை வைத்தார்கள். சந்தோஷத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எங்க அக்கா மாதிரி யாருக்கும் கிடைக்காது, சின்னதுல தசராவுக்கு நாங்க வீடு வீடா எடுத்துச் சாப்பிடும்போது, கிடைக்கிற வடையையெல்லாம் 'பசிக்காலே?'ன்னு கேட்டு எனக்கே தந்துருவா, அவ வெறும் சோத்தைத்தான் தின்பா என்றான். என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னான். அது எனக்கு அப்பவே தெரியும்.

நான் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். குடிகாரப் பய, வாயைத் திறந்தாலே பொய், நாங்க எங்க பிச்சை எடுத்தோம், இவனை எவன் பந்தியில உக்காத்தி வச்சது என்று கத்தினேன். பந்தி முழுக்கக் கேட்டது.

பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். வடை இலையிலேயே இருந்தது. கை கழுவக்கூட இல்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டே போனான். அவன் இலையை நான்தான் மடித்து எடுத்தேன்.

அக்டோபர் 10

தலைவலி என்று சொல்லி ஆலங்கிணற்றில் நான் வேனைவிட்டு இறங்கவில்லை. அத்தைக்கு மூட்டுவலி, அவர்களும் இறங்கவில்லை. இவர் பிள்ளைகளோடு போனார்.

வேன் நின்றதே பஞ்சர் கடைக்கு எதிரில். சுடலை ஒரு டியூபைத் தொட்டித் தண்ணியில் அமுக்கிக்கொண்டிருந்தான். முடி கொட்டிப் போயிருந்தது. மேளம் அடுத்த தெருவுக்குத் திரும்பியது. தருண் மட்டும் கடை வாசலுக்கு ஓடினான். "அம்மா தாயே... தம்பிக்குப் பசிக்கு தாயே..."

சுடலை தலையைத் தூக்கினான். பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தான். கையைத் துடைத்துவிட்டு அடியில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். இதை யார் தச்சது என்று கேட்டிருக்கிறான். எங்கம்மா, அந்தா வேன்ல இருக்காங்க என்று தருண் கையைக் காட்டினான்.

வந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று முதலில் அத்தைக்குக் கும்பிடு போட்டான். இவரும் அதற்குள் வந்துவிட்டார். நல்லாயிருக்கியளா அத்தான் என்று கேட்டான். அத்தைதான் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "என்னப்பா, இப்பவாவது குடியை விட்டாச்சா?" என்றார்கள்.

என்னைப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. "விட்டுட்டேன் அத்தை. அன்னைக்குப் போதையில என்னத்தையோ உளறிட்டேன். அக்கா சொன்னதுதான் நெசம். நீங்க மனசுல வச்சுக்கிடாதிய" என்றான்.

நான் ஜன்னல் கம்பியில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. அவன் தருண் பையில் இரண்டு கை அரிசி போட்டான். அத்தை திருப்தியாய்த் தலையாட்டினார்கள். வேன் கிளம்பிவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனைப் பொய்யன் என்று நான் சொன்னேன். இன்றைக்கு அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11

அங்கன்வாடி லீவு. காலையிலேயே மெஷினில் உட்கார்ந்தேன். என்னுடைய பழைய சேலை ஒன்று, இவர் சட்டையில் மிச்சமிருந்த இன்னொரு கை.

ஏனென்றால் நேர்ச்சையில் இன்னும் ஒன்று பாக்கி. 'என் பிள்ளைகள்' என்று நேரவில்லை. 'நானும் என் பிள்ளைகளும்' என்றுதான் நேர்ந்தேன். இதைத்தான் இத்தனை நாளாய் இந்த நோட்டில்கூட எழுதாமல் மழுப்பிவந்தேன்.

யாருக்கு அந்தச் சேலை என்று இவர் கேட்டார். அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் நூலிலிருந்து பந்தி வரைக்கும். சொல்லும்போது மெஷினை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

இவர் தரையில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினார். அப்புறம், "அவன் பாதி இலையில எந்திரிச்சுப் போனது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்கு. நான் போய்க் கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

அத்தை எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். நீ அன்னைக்குப் பிள்ளைக்குக் கேட்டுக் காட்டினியே, அப்பவே எனக்குச் சந்தேகம்தான் என்றார்கள். திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "நடந்தது நடந்துட்டு. அவனே பொய்யின்னு சொல்லிட்டான், அப்படியே இருக்கட்டும். நாளைக்கு சுஜிதாவுக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நானும் ஆறு வருஷமாய் அதைத்தான் நினைத்தேன். சேலை ஓரத்தைக் கல்லில் தேய்க்க எடுத்துக்கொண்டு போனேன்.

அக்டோபர் 13

காப்பு அறுத்தாயிற்று. நேற்று நடந்ததை எழுதிவிட்டு இந்த டைரியை மூடிவிடலாம்.

நேற்று மத்தியானம் குலசைக்குக் கிளம்பும்போது நானும் வேஷத்தோடு வேனில் ஏறினேன். தெருக்காரர்கள், டீச்சரும் போட்டாச்சா என்று சந்தோஷமாய்க் கேட்டார்கள். அத்தை என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆலங்கிணற்றில் வேனை நிறுத்தச் சொன்னது இவர்தான். அன்றைக்குப் பந்தியில் இருந்த இவருடைய சித்தப்பாவும் சின்னம்மாவும் எங்கள் குழுவில்தான் வந்திருந்தார்கள். மேளம் அடிக்கிறவர்களும் இறங்கினார்கள்.

கடை பூட்டியிருந்தது. பின்னால்தான் வீடு. தருண் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையை யாரோ பிடித்தார்கள், பார்த்தால் சுஜிதா. வாசலில் நின்றேன். மேளத்தை நிறுத்தச் சொன்னேன்.

"அம்மா தாயே, ஒரு வாய் சோறு போடுங்க தாயே."

இந்தத் தடவை சின்னக் குரல் வரவில்லை. நாற்பது வயசுப் பொம்பளை குரல்தான் வந்தது, அதுவும் உடைந்து வந்தது. தம்பிக்குப் பசிக்கு என்கிற வரியைச் சொல்ல முடியவில்லை.

சுடலை சட்டை போடாமல் வெளியே வந்தான். என் கிழிந்த சேலையைப் பார்த்தான். தோளில் சட்டைக்கைப் பையைப் பார்த்தான். அவன் வாய் திறக்குமுன் நான் சித்தப்பா பக்கம் திரும்பிவிட்டேன்.

"மாமா, அன்னைக்குப் பந்தியில இவன் சொன்னது அத்தனையும் நெசம். நாங்க பிச்சை எடுத்துத்தான் வளந்தோம். இவன் குடிக்கல. பொய் சொன்னது நான்தான்."

சின்னம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை வேனைவிட்டு இறங்கவே இல்லை, ஜன்னலில் அவர்கள் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இனி வீட்டில் எத்தனை நாளைக்கு அந்த முகம் திரும்பியிருக்குமோ தெரியாது. அது எனக்கு வேண்டியதுதான்.

மன்னிச்சிரு என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். அதற்குப் பதில் பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுடலை அரிசி கொண்டுவரவில்லை. படியிறங்கி வந்து பையை என் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

"பசிக்காக்கா?"

"ஆமாலே. பசிக்கு" என்றேன்.

இலை அறுக்கக் கொல்லைக்குப் போனான்.